பிழைப்பில் ஒளிந்த பாவம்

நம் சபைகளில் சாட்சி சொல்ல எழுந்து நிற்பவர்கள் பெரும்பாலும் ஒரு தேதியோடுதான் தொடங்குவார்கள். இன்ன கூட்டத்தில், இன்ன நாளில் இரட்சிக்கப்பட்டேன் என்பார்கள். அதற்கு முன் குடியும் சீட்டாட்டமும். அதற்குப் பின் ஜெபமும் வேதவாசிப்பும். ஜான் நியூட்டனிடமும் அப்படி ஒரு தேதி இருந்தது. 1748 மார்ச் மாதம் அட்லாண்டிக் கடலில் ‘கிரேஹவுண்ட்’ கப்பல் புயலில் சிக்கியது. அதுவரை தேவதூஷணமே வாய்ப்பேச்சாக இருந்த 22 வயது மாலுமி, உயிர் போகும் அந்த வேளையில் இரக்கம் கேட்டுக் கூப்பிட்டார். மார்ச் 21ஐ முதுமை வரைக்கும் ஆண்டுதோறும் ஜெபத்தோடு நினைவுகூர்ந்தார். ‘அமேசிங் கிரேஸ்’ பாடலை எழுதியவர் என்பதால் அவர் கதை நம் பிரசங்க மேடைகளில் அடிக்கடி வரும். அடிமை வியாபாரி புயலில் மனந்திரும்பினார், தொழிலை உதறினார், பாட்டெழுதினார் என்று மூன்றே வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள்.

நடந்த வரிசை அதுவல்ல. புயலுக்குப் பின் நியூட்டன் உடனே விட்டது கெட்ட வார்த்தைகளை. அடிமைக் கப்பலை விடவில்லை. சொல்லப்போனால் மனந்திரும்பிய பிறகுதான் அதில் பதவி உயர்ந்தார். ‘பிரவுன்லோ’ கப்பலில் துணை அதிகாரியானார். 1750க்கும் 1754க்கும் இடையில் ‘டியூக் ஆஃப் ஆர்கைல்’, ‘ஆப்பிரிக்கன்’ கப்பல்களின் தலைவராக மூன்று பயணம் போனார். ஓய்வுநாளில் மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்தினார். கீழ்த்தட்டில் மனிதர்கள் விலங்கிடப்பட்டுக் கிடந்தார்கள். கலகம் செய்யத் திட்டமிட்டதாகச் சந்தேகப்பட்ட சிறுவர்களின் கட்டைவிரல்களைத் திருகாணியில் நெரித்ததை அவரே கப்பல் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். கடைசிப் பயணம் சேதமில்லாமல் முடிந்ததற்கு லிவர்பூலில் ஆலயத்தில் ஸ்தோத்திரமும் ஏறெடுத்தார். இதில் வேஷம் எதுவும் இல்லை என்பதுதான் நம்மைக் கலங்க வைக்க வேண்டியது. அந்த மனிதர் மெய்யாகவே ஜெபித்தார். சில நேரம் தன் வேலை சிறைக்காவலன் வேலைபோல இருக்கிறதே என்று மனம் சங்கடப்பட்டதுண்டு. அதைப் பாவம் என்று எண்ணியதில்லை. அந்நாளில் அது கௌரவமான பிழைப்பு.

1754இல் அவர் கடலை விட்டதற்கும் மனச்சாட்சி காரணமில்லை. திடீரென வந்த வலிப்பு காரணம். பிறகு லிவர்பூலில் சுங்கத்துறை வேலை; 1764இல் குருப்பட்டம் பெற்று ஓல்னி ஊரில் திருப்பணி. ‘அமேசிங் கிரேஸ்’ 1773 புத்தாண்டு ஆராதனைக்காக எழுதப்பட்டது. அடிமை வணிகத்தைக் கண்டித்து அவர் நூல் வெளியிட்டது 1788இல். புயலுக்கும் நூலுக்கும் இடையே 40 ஆண்டுகள்!

காலம் அப்படி என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் அதே காலத்தில்தான், அதே வேதத்தைப் படித்த குவேக்கர் ஜான் உல்மன், மனிதரை அடிமையாக வைத்திருப்பதைக் கண்டித்து 1754இலேயே எழுதினார். ஜான் வெஸ்லியின் நூல் 1774இல் வந்துவிட்டது. வெளிச்சம் இருந்தது, நியூட்டனுக்கு எட்டத்தான் நாளாயிற்று.

பவுல் அப்போஸ்தலர் கொரிந்து சபைக்கு எழுதியதை இந்த இடத்தில் வைத்துப் படிக்க வேண்டும். கடிதத்தின் முகப்பிலேயே அவர்களைப் பரிசுத்தவான்கள் என்று அழைக்கிறார். அடுத்த அதிகாரங்களில் கட்சிகட்டல், வழக்காடல், வேசித்தனம் என்று கண்டிக்கிறார். கர்த்தருடைய பந்தியில் ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் வெறித்திருக்கும் கொடுமையையும் விடவில்லை. முந்தைய அழைப்பை அவர் திரும்பப் பெறவுமில்லை, அந்த அழைப்பைக் காட்டிக் குற்றத்தை மூடவுமில்லை. கிறிஸ்துவுக்குள் யார் என்பது ஈவாகக் கிடைக்கிறது. அதற்கேற்ற நடையோ ஆயுள் முழுவதும் கற்க வேண்டியது. சீர்திருத்தச் சபைகள் நீதிமானாக்கப்படுதலையும் பரிசுத்தமாகுதலையும் வேறுபடுத்திச் சொன்னது இதனால்தான். நாம் முன்னதை முழங்குகிறோம். பின்னதைக் குடியையும் சினிமாவையும் விடுவதோடு நிறுத்திக்கொள்கிறோம். நம்மைக் கெடுக்கும் பாவத்தை விடுவது கடினம்தான். நமக்குச் சோறு போடும் பாவத்தை, ஊரில் மதிப்புத் தரும் பாவத்தை, பாவம் என்று காண்பதே கடினம்.

நியூட்டன் கடைசியில் கண்டார். தம் பாவஅறிக்கை காலம் கடந்து வருகிறது என்று 1788 நூலில் ஒப்புக்கொண்டார். மன்னரின் ஆலோசனைக் குழுவான பிரிவி கவுன்சில் முன்பும் நாடாளுமன்றக் குழு முன்பும் சாட்சி சொன்னார். அரசியலை விட்டுவிடலாமா என்று 1785இல் தம்மிடம் ஆலோசனைக்கு வந்த, பின்னாளில் அடிமை வணிக ஒழிப்புக்கு முன்னின்ற வில்பர்ஃபோர்ஸை, விடாதே என்று தேற்றி அனுப்பியவரும் அவரே. பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடைசெய்த 1807ஆம் ஆண்டின் டிசம்பரில் இறந்தார். ஆனால் தமக்குத் தாமே எழுதிவைத்த கல்லறை வாசகத்தில், தாம் அவிசுவாசியாகவும் ஒழுக்கங்கெட்டவனாகவும் இருந்ததை, ஆப்பிரிக்காவில் அடிமைகளுக்கே ஊழியனாகக் கிடந்ததை எல்லாம் சொல்கிறார். அடிமைகளை விற்றதைச் சொல்லவில்லை.

அவருடைய முதுமையில், 1796இல், ஆத்தும ஆலோசனை தேடி வந்த ஓர் இளைஞன் டேனியல் வில்சன். பின்னாளில் கல்கத்தா பேராயர். 1833இல் தென்னாட்டுச் சபைகளுக்கு, சாதி வேற்றுமையை அடியோடு, உடனே கைவிட வேண்டும் என்று கடிதம் அனுப்பியவர் அவர்தான். ஆலயத்தில் தனி இடம், நற்கருணையில் முந்திப் பெறும் உரிமை, இவைதான் வழக்கு. தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் எதிர்ப்பு கிளம்பியது. எதிர்த்தவர்கள் பெயர்க் கிறிஸ்தவர்கள் அல்லர். மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயர் காலம் முதல் விசுவாசத்தில் வளர்ந்த குடும்பங்கள். சாதி வழக்கத்துக்காக வாதாடியவர்களில் வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். அவர் இயற்றிய கீர்த்தனைகளை இன்றும் கண்ணீரோடு பாடுகிறோம்; பாட வேண்டியதுதான். நியூட்டனின் பாட்டையும் பாடுகிறோமே. பேராயர் மட்டும் மாசற்ற கண்ணோடு வந்தார் என்றும் சொல்ல வரவில்லை; ஆளும் இனத்தின் சபைத்தலைவராக வந்தவர் அவர்.

வில்சனின் கடிதம் வந்து இருநூறு ஆண்டை நெருங்குகிறது. ஆலயத்தில் இருக்கைகள் கலந்துவிட்டன. திருச்சபைப் பத்திரிகைகளின் மணமக்கள் தேவை விளம்பரத்தில் ‘இரட்சிக்கப்பட்ட’ என்பதும் சாதிப் பெயரும் இன்னும் ஒரே வரியில் வருகின்றன. விளம்பரம் கொடுப்பவர்களில் பலர் நல்ல ஜெபவீரர்கள்.