எழுத்தாணி பிடித்த கை

நீதிமன்றம் என்றவுடன் நீதிபதியும் வழக்குரைஞரும் நினைவுக்கு வருவர். மேடையருகே தலைநிமிராது எழுதிக்கொண்டிருப்பவரை எவரும் நினைப்பதில்லை. பிரெஞ்சு நீதிமுறையில் அவருக்குக் ‘கிரெஃபியே’ என்று பெயர். எழுத்தாணியைக் குறிக்கும் ‘கிராஃபியும்’ என்னும் இலத்தீன் சொல்லே அதன் வேர். எழுத்தாணிக்காரர் என்று தமிழில் சொன்னால் பொருள் சிறிதும் பிறழாது.

பாரிஸ் உயர்நீதிமன்றமான ‘பார்லமா’வின் தீர்ப்புகளை ஏட்டில் தொகுக்கும் பணியை 1263இல் தொடங்கியவர் ழான் தெ மோன்லுசோன் என்னும் எழுத்தர். அவ்வேடுகளுள் ஒன்று ‘ஓலிம்’, அதாவது ‘முன்னொரு நாளில்’, என்னும் சொல்லோடு தொடங்கியது. அச்சொல்லே அத்தொகுதி முழுமைக்கும் பெயராயிற்று.

இதே மன்றத்தில் 1429ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் எழுத்தர் கிளெமான் தெ ஃபோகெம்பெர்க், ஓர்லியான் நகரின் முற்றுகை முறிந்த செய்தியைப் பதிந்தார். பதிந்தவர், ஓரத்தில் கொடியும் வாளும் ஏந்திய ஒரு பெண்ணையும் வரைந்தார். ஜோன் ஆஃப் ஆர்க்கை அவர் கண்டதில்லை. ஆணுடை அணிந்து முடி கத்தரித்திருந்தவளை நீள்கூந்தலும் பாவாடையுமாகத் தீட்டிவிட்டார். அவள் வாழ்ந்த காலத்தில் எழுந்து இன்றும் எஞ்சியுள்ள ஓவியம் அது ஒன்றே.

ஈராண்டுகளுக்குப் பின், 1431இல், ரூவான் நகரில் ஆயர் கோஷோன் தலைமையில் அவள்மீது சமய விசாரணை நடந்தது. அங்கே பதிவாளராக அமர்ந்தவர் கியோம் மான்ஷோன். அவர் பின்னாளில் அளித்த சாட்சியம் நெஞ்சை உலுக்குவது. திரைக்குப் பின்னே மறைந்திருந்து வேறு சிலரும் எழுதினராம்; அவளுக்குச் சாதகமான விடைகளை அவர்கள் விட்டுவிட்டனராம். சொற்களை மாற்றி எழுதுமாறு நீதிபதிகள் தம்மையும் நெருக்கியதாக மான்ஷோன் கூறினார். பதிவுகள் முரண்பட்ட இடங்களில் அவர் ஓரக்குறியிட்டு, மீண்டும் அவளையே கேட்கச் செய்தார். அவள் எரிக்கப்பட்டபின் சேர்க்கப்பட்ட வாக்குமூலங்களில் கையொப்பமிட மறுத்தார்.

ஆயினும் அவர் வீரரல்லர், அஞ்சியவர். அவ்வச்சத்தோடேயே எழுதியவர். அவள் இறந்தபின் ஒரு மாதம் மனம் ஆறாதிருந்தார். தமக்குக் கிடைத்த ஊதியத்தின் ஒரு பகுதியில் வழிபாட்டு நூலொன்றை வாங்கி, அவளுக்காக மன்றாடினார். விசாரணையின்போது பிரெஞ்சு மொழியில் எழுதிய மூலக்குறிப்பைப் பாதுகாத்து, மறுவிசாரணை மன்றத்தில் ஒப்படைத்தார். 1456 சூலை 7ஆம் நாள் அத்தீர்ப்பு செல்லாதென அறிவிக்கப்பட்டது.

நீதிபதியின் கையொப்பத்தோடு எழுத்தரின் கையொப்பமும் தீர்ப்பில் இருக்கவேண்டும் என்று இன்றைய பிரெஞ்சுச் சட்டம் விதிக்கிறது. ஒரு கை தவறினும் மற்றொரு கை சாட்சியாக நிற்கவேண்டும் என்பதே அதன் உட்கருத்து.

கடல் கடந்து புதுச்சேரிக்கும் இம்முறை வந்தது. ஆனால் இங்கே எழுத்தின் மொழி வேறு, மக்களின் மொழி வேறு. கும்பினியின் தலைமைத் தரகராயிருந்த நயினியப்ப பிள்ளை 1716இல் சிறைப்பட்டார். பிரெஞ்சு அறியாத அவரைப் போர்த்துக்கீசிய மொழியில் வினவினர். விடைகளைப் பிரெஞ்சில் பதிந்தனர். தம் வாய்ச்சொல் ஏட்டில் எவ்வாறு ஏறியது என்பதை அவரால் படித்தறிய இயலவில்லை. கசையடியும் சிறைத்தண்டனையும் பெற்று, 1717இல் சிறையிலேயே உயிர்நீத்தார். பிரான்சுக்குச் சென்ற முறையீடுகளால் அவர் குற்றமற்றவர் எனத் தெளிவானபோது, அதைக் கேட்க அவர் இல்லை.

அவருடைய உறவினர் திருவேங்கடம் பிள்ளையின் மகனே ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் நாள்தோறும் தாம் கண்டதையும் கேட்டதையும் அவர் தமிழிலேயே எழுதிவைத்தார். எந்த மன்றமும் அவரை அப்பணிக்கு அமர்த்தவில்லை. எனினும் பிரெஞ்சு ஆட்சிக்காலப் புதுச்சேரியின் வாழ்வைத் தமிழன் தன் மொழியில் படித்தறிய வாய்த்த ஏடு அதுவே.