மீன்வள உயிர்ப்பொருளியல்

மீன்வள உயிர்ப்பொருளியல் என்பது கடலிலும் உள்நாட்டு நீர்நிலைகளிலும் வாழும் மீன் கூட்டங்களின் பெருக்கத்தையும், அவற்றைப் பிடிக்கும் மனிதரின் வரவு, செலவு, போட்டி ஆகியவற்றையும் ஒரே கணக்கில் வைத்து ஆராயும் துறையாகும். உயிரியல், கணிதம், பொருளியல் ஆகிய மூன்றிலிருந்தும் கருவிகளைப் பெற்று 1950களில் இது உருவாயிற்று. மீன் முட்டையிடுவதும் வளர்வதும் மடிவதும் இயற்கையின் போக்கில் நடப்பவை. ஆனால் ஒரு விசைப்படகு மறுநாள் கடலுக்குப் போகுமா என்பதை டீசல் விலையும் ஏலத்தில் மீனுக்குக் கிடைக்கும் விலையுமே பெரும்பாலும் முடிவு செய்கின்றன. இவற்றுள் ஒன்றை மட்டும் அறிந்தவர் கடலில் எவ்வளவு மீன் எஞ்சும் என்று சொல்ல முடியாது என்பதே இத்துறையின் தொடக்கப்புள்ளி. இயற்கை அறிவியலும் சமூக அறிவியலும் ஒன்றையொன்று திருத்திக்கொண்டு வளர்ந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்றுகள் அரிது. இரண்டும் சேர்ந்தே தவறியதற்கும் இத்துறையில் சான்று உண்டு.

உயிரியல் அடித்தளம்

19ஆம் நூற்றாண்டின் அறிஞர்கள் பலர் கடல்மீனை வற்றாத செல்வமாகவே கருதினர். 1883இல் லண்டனில் நடந்த பன்னாட்டு மீன்பிடிக் கண்காட்சியில் உரையாற்றிய உயிரியலாளர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி, அன்றைய பிடிப்பு முறைகளைக் கொண்டு காட், ஹெர்ரிங் போன்ற பெருங்கடல் மீன்களைத் தீர்த்துவிட முடியாது என்று வாதிட்டார். நீராவி இழுவைப்படகுகள் பெருகிய சில பத்தாண்டுகளுக்குள் வடகடலில் அக்கருத்து ஆட்டம் கண்டது. கடலாய்வுக்கான பன்னாட்டு மன்றம் 1902இல் கோபன்ஹேகனில் நிறுவப்பட்டதற்கு மிகைப்பிடிப்பு பற்றிய அச்சமும் ஒரு காரணம்.

ஆய்வாளர்கள் திட்டமிட்டு நடத்த முடியாத ஒரு சோதனையை முதல் உலகப் போர் நடத்திக் காட்டியது. நான்கு ஆண்டுகள் வடகடலில் மீன்பிடிப்பு பெரிதும் குறைந்திருந்ததால், போர் முடிந்து திரும்பிய படகுகளுக்கு அதிகமான, அளவில் பெரிய மீன்கள் கிடைத்தன. சில ஆண்டுகளில் நிலைமை பழையபடி ஆயிற்று. இதே காலத்தில் ஏட்ரியாட்டிக் கடலோரச் சந்தைகளின் பதிவேடுகளை ஆராய்ந்த இத்தாலிய விலங்கியலாளர் உம்பெர்த்தோ டாங்கோனா, போர்க்காலத்தில் சுறா போன்ற வேட்டை மீன்களின் விகிதம் உயர்ந்திருந்ததைக் கண்டு, அதன் காரணத்தைப் பின்னர் தம் மாமனாரான கணிதவியலாளர் வீத்தோ வோல்ட்டெராவிடம் கேட்டார். வோல்ட்டெரா 1926இல் வெளியிட்ட இரை–வேட்டையாடி சமன்பாடுகள் இன்றும் சூழலியலின் அடிப்படைப் பாடமாக உள்ளன.

மீன்வளக் கணக்குக்கு அதிகம் பயன்பட்டது இதைவிட எளிய வேறொரு சமன்பாடு. பெல்ஜியக் கணிதவியலாளர் வெர்ஹுல்ஸ்ட் 1838இல் மனிதத் தொகைக்காக அமைத்த வளர்ச்சி விதியின்படி, ஓர் உயிர்க்கூட்டம் சிறிதாக இருக்கும்போது ஏறத்தாழ மாறாத விகிதத்தில் பெருகும். உணவும் இடமும் தீரத் தீர அவ்வேகம் குறைந்து, சூழல் தாங்கக்கூடிய உச்ச அளவை எட்டியதும் நின்றுவிடும். ஆண்டுக்கு ஆண்டு கூடும் எடை, கூட்டம் மிகச் சிறிதாக இருக்கும்போதும் மிகப் பெரிதாக இருக்கும்போதும் குறைவு. உச்சத்தின் பாதியளவில் இருக்கும்போதே அது மிகுதி. ஆண்டுதோறும் கூடும் அந்த எடையை மட்டும் பிடித்துக்கொண்டால் கூட்டம் குறையாது. அவ்வாறு பிடிக்கக்கூடிய அளவுகளுள் மிகப் பெரியது நீடித்த உச்ச விளைச்சல் எனப்படும். வெப்பமண்டலச் சூரை மீன் ஆணையத்தின் ஆய்வு இயக்குநராக இருந்த மில்னர் ஷேஃபர், இவ்விதியை மீன்பாட்டுப் புள்ளிவிவரங்களோடு இணைத்து 1954இல் வெளியிட்டார்.

இங்கு ஒரு வரலாற்று முரண் உண்டு. நீடித்த உச்ச விளைச்சல் என்ற கருத்தை அமெரிக்க வெளியுறவுத் துறை 1949லேயே அரசுக் கொள்கையாக ஏற்றிருந்தது. சிலியும் பெருவும் 200 கடல் மைல் வரை உரிமை கோரத் தொடங்கியிருந்த நிலையில், உச்ச அளவைத் தாண்டியது என்று மெய்ப்பிக்கப்படும்வரை எந்தக் கடலிலும் பிடிப்பைத் தடுக்கக்கூடாது என்ற வாதம் அமெரிக்கச் சூரைப் படகுகளுக்குச் சாதகமாக இருந்தது. கணித வடிவம் வருமுன்பே கொள்கை வந்துவிட்டது. பின்னர் அக்கருத்து 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையிலும் இடம்பெற்றது.

கார்டன்–ஷேஃபர் மாதிரி

ஷேஃபரின் கட்டுரை வந்த அதே 1954இல், கனடியப் பொருளியலாளர் ஹெச். ஸ்காட் கார்டன் மற்றொரு பக்கத்திலிருந்து இச்சிக்கலை அணுகினார். மீன் ஏன் குறைகிறது என்பதைவிட, வளமான கடலை வைத்துக்கொண்டு மீனவர் ஏன் வறியவராகவே இருக்கின்றனர் என்ற கேள்வியே அவருடையது. டேனியப் பொருளியலாளர் யென்ஸ் வார்மிங் 1911இலேயே இதற்கு ஏறத்தாழ அதே விடையைத் தந்திருந்தார் எனினும், டேனிய மொழியில் எழுதப்பட்ட அக்கட்டுரை பல பத்தாண்டுகள் வெளியுலகின் கவனத்துக்கு வரவில்லை.

கார்டனின் விடை, பொருளியலில் வாரம் எனப்படும் கருத்தைச் சார்ந்தது. நிலத்தின் இயல்பான வளத்தால் உழைப்புக்கும் முதலுக்கும் உரிய ஊதியத்துக்கு மேல் எஞ்சும் வருவாயே வாரம். நிலத்துக்கு உரிமையாளர் இருப்பதால் அவர் அதைப் பெறுகிறார். கடலுக்கு உரிமையாளர் இல்லை, யாரும் நுழையலாம். எனவே ஒரு கடற்பகுதியில் செலவு போக ஏதேனும் எஞ்சினால், அந்த எச்சமே புதிய படகுகளை ஈர்க்கிறது. படகுகள் கூடக் கூட ஒவ்வொரு படகுக்கும் கிடைக்கும் மீன் குறைகிறது. மொத்த வரவும் மொத்தச் செலவும் சமமாகும்வரை, அதாவது வாரம் முழுவதும் கரைந்து போகும்வரை, இந்த நுழைவு நிற்பதில்லை.

கற்பனையான ஓர் எண்கணக்கு இதைத் தெளிவாக்கும். ஒரு கடற்பகுதி அதிகபட்சம் 1,00,000 டன் மீனைத் தாங்கும் என்றும், கூட்டம் மிகச் சிறிதாக இருக்கும்போது அதன் ஆண்டு வளர்ச்சி விகிதம் 40 விழுக்காடு என்றும் கொள்வோமானால், வெர்ஹுல்ஸ்ட் விதிப்படி இருப்பு 50,000 டன்னாக இருக்கையில் ஆண்டுக்கு 10,000 டன் கூடும். அதுவே உச்ச விளைச்சல். இருப்பு 80,000 டன்னாக இருந்தால் 6,400 டன் கூடும். 20,000 டன்னாக இருந்தாலும் அதே 6,400 டன்தான். ஆகவே இவ்விரு நிலைகளிலும் கரைக்கு வரும் மீன் ஒன்றே. ஆனால் கடலில் மீன் நான்கில் ஒரு பங்காக அருகியிருக்கும் இரண்டாம் நிலையில், அதே மீனைப் பிடிக்க நான்கு மடங்கு படகும் டீசலும் உழைப்பும் தேவை. மீன்பாட்டுப் புள்ளிவிவரத்தை மட்டும் பார்க்கும் அலுவலருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். படகுக்காரருக்கு முதலாவது செழிப்பு, இரண்டாவது கடன்.

இம்மாதிரியின் இரு முடிவுகள் குறிப்பிடத்தக்கவை. முதலாவதாக, செலவையும் கணக்கிட்டால் அதிக இலாபம் தரும் நிலை, உச்ச விளைச்சல் தரும் நிலையைவிடக் கூடுதலான மீனைக் கடலில் விட்டுவைக்கிறது. பொருளியலாளரின் இலாபக் கணக்கு, உயிரியலாளரின் விளைச்சல் கணக்கைவிட மீனுக்கு இரக்கம் காட்டுகிறது. இரண்டாவதாக, தடையற்ற நுழைவில் கூட்டம் எந்த அளவில் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பவை மீனின் விலை, பிடிப்புச் செலவு, வலையின் திறன் ஆகிய மூன்று மட்டுமே. மீனின் இனப்பெருக்க வேகம் அந்தச் சூத்திரத்தில் இடம்பெறுவதே இல்லை. விலை ஏறினாலோ, எரிபொருளுக்கு மானியம் கிடைத்தாலோ, மீன் திரளைக் கண்டறியும் எதிரொலிக்கருவி வந்தாலோ இருப்பு மேலும் குறையும். உலக வங்கியும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் 2009இல் வெளியிட்ட மதிப்பீடு, இவ்வாறு உலகம் ஆண்டுதோறும் இழக்கும் வாரத்தைச் சுமார் 5,000 கோடி டாலர் எனக் கணித்தது. தீங்கான மீன்பிடி மானியங்களைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையை உலக வர்த்தக அமைப்பு 2022 ஜூன் மாதத்தில் ஏற்றதன் பின்புலமும் இதுவே.

வட்டியும் திமிங்கிலமும்

கார்டனின் கருத்தைப் பின்பற்றியோர், கடல் ஒரே உரிமையாளரின் கையில் இருந்தால் மீன் காக்கப்படும் என நம்பினர். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகக் கணிதவியலாளர் காலின் கிளார்க் 1973இல் அந்த நம்பிக்கைக்கு ஒரு வரம்பு இட்டார். கடலில் விட்டுவைக்கும் திமிங்கிலம், உரிமையாளருக்கு வங்கியில் இட்ட முதலைப் போன்றது. அது இனம்பெருகும் வேகம் வட்டி வீதத்தைவிடக் குறைவாகவும், கடைசி விலங்கைப் பிடிக்கும் செலவுகூட அதன் விலைக்குள் அடங்குவதாகவும் இருந்தால், எல்லாவற்றையும் பிடித்து விற்றுப் பணத்தை வேறிடத்தில் முதலிடுவதே அவருக்கு இலாபம். தனியுடைமையின் கீழும் இன அழிவு அறிவார்ந்த முடிவாக அமையக்கூடும் என்ற இம்முடிவு, மெதுவாகப் பெருகும் திமிங்கிலங்களைச் சந்தைக் கணக்கிடம் விட்டுவிட முடியாது என்பதற்கான வாதமாகப் பயன்பட்டது. பன்னாட்டுத் திமிங்கில ஆணையம் வணிகவேட்டையை நிறுத்திவைக்க 1982இல் முடிவு செய்தது.

அளவீட்டின் சிக்கல்

மாதிரிகள் எவ்வளவு நேர்த்தியாக இருப்பினும், கடலில் உள்ள மீனை எண்ண முடியாது. ஆகவே ஒரு படகு ஒரு மணி நேரத்தில் பிடிக்கும் மீன் எவ்வளவு என்ற விகிதத்தைக் கொண்டு மொத்த இருப்பை ஊகிப்பது வழக்கமாயிற்று. மீன் பாதியாகக் குறைந்தால் மணிக்குக் கிடைப்பதும் பாதியாகும் என்பது இதன் அடிநிலைக் கருதுகோள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால் இக்கருதுகோள் பொய்த்ததன் விலை மிகப் பெரிது.

அங்கு 1968இல் வடபுலக் காட் மீன்பாடு சுமார் 8 லட்சம் டன்னை எட்டியது. அதில் பெரும்பகுதி ஐரோப்பிய நாடுகளின் பெரும் இழுவைக் கப்பல்களுக்குப் போயிற்று. கனடா 1977இல் 200 கடல் மைல் மண்டலத்தை அறிவித்து, அறிவியல் அடிப்படையில் ஆண்டு வரம்பு விதித்தது. அதாவது கட்டுப்பாடு இருந்தது, ஆய்வாளர் இருந்தனர், கணக்கும் இருந்தது. ஆனால் காட் மீன்கள் எண்ணிக்கையில் அருகும்போது பரவலாக மெலியாமல், எஞ்சியவை சில இடங்களில் திரண்டு நின்றன. எதிரொலிக்கருவி கொண்ட கப்பல்கள் நேராக அத்திரள்களுக்கே சென்றதால், மணிக்குக் கிடைக்கும் மீன்பாடு குறையவில்லை. அதை நம்பிய மதிப்பீடு இருப்பை மிகைப்படுத்தியது. கரையோரச் சிறுபடகு மீனவர்கள் 1980களிலேயே மீன் குறைந்துவிட்டது, சிறுத்துவிட்டது என்று முறையிட்டனர். அசையாத பொறிகளைக் கரையருகே இட்டுப் பிடிக்கும் அவர்களால் மீனைத் துரத்திச் செல்ல முடியாது என்பதாலேயே அவர்களுடைய அனுபவம் சரியான அளவுகோலாக இருந்தது. அந்த முறையீட்டுக்கு உரிய எடை கொடுக்கப்படவில்லை. 1992 ஜூலை 2 அன்று மீன்பிடிப்பு முற்றாக நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 30,000 பேர் வேலை இழந்தனர். இரண்டு ஆண்டுகளுக்கென அறிவிக்கப்பட்ட அத்தடை 2024இல்தான் விலக்கப்பட்டது.

1992ஆம் ஆண்டுத் தடைக்கு 15 ஆண்டுகளுக்கு முன்பே, 1977இல், மீனியலாளர் பீட்டர் லார்கின் நீடித்த உச்ச விளைச்சல் என்ற கருத்துக்கு இரங்கற்பா போன்ற ஒரு கட்டுரை எழுதியிருந்தார். இயற்கையின் ஏற்ற இறக்கமும் அக்கருத்தின் எதிரி. பெருவில் நெத்திலி இனத்தைச் சேர்ந்த ஆஞ்சொவெட்டா மீன்பாடு 1970இல் 1.2 கோடி டன்னைத் தாண்டி, மிகைப்பிடிப்பும் எல் நினோ வெப்பநீரும் சேர்ந்ததால் 1972–73இல் சரிந்தது.

உடைமையும் ஒழுங்கும்

நுழைவைத் தடுக்க அரசுகள் கையாண்ட வழிகளுள் பொருளியலாளர் பெரிதும் பரிந்துரைத்தது, ஆண்டு மொத்த வரம்பைப் பங்குகளாக்கி மீனவருக்கு அளித்து, அப்பங்கை விற்கவும் வாங்கவும் இடமளிக்கும் ஒதுக்கீட்டு முறையாகும். நியூசிலாந்து 1986இலும், ஐஸ்லாந்து படிப்படியாக 1990க்குள்ளும் இதை ஏற்றன. அலாஸ்காவின் ஹாலிபட் மீன்பிடிப்பில் மொத்த வரம்பு மட்டும் இருந்த காலத்தில், முந்துவோருக்கே மீன் என்ற ஓட்டத்தால் பருவம் ஓரிரு நாட்களாகச் சுருங்கி, புயலிலும் படகுகள் புறப்பட்டன. 1995இல் தனி ஒதுக்கீடு வந்தபின் பருவம் எட்டு மாதங்களாக நீண்டது. ஆனால் ஐஸ்லாந்தில் முதற்பங்கைப் பெற்றோரும் அவர்களிடம் வாங்கியோரும் செல்வராக, பங்கில்லாத கடற்கரை ஊர்கள் வேலையிழந்தன. வாரத்தை மீட்பது ஒன்று, மீட்ட வாரம் யாருக்கு என்பது மற்றொன்று. இரண்டாம் கேள்வியை இத்துறையின் தொடக்க கால எழுத்துகள் பெரும்பாலும் கடந்து சென்றன.

உயிரியலாளர் காரெட் ஹார்டின் 1968இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, பொதுவில் உள்ளவை அனைத்தும் அழியும் என்ற எண்ணத்தைப் பரப்பியது. அரசியலறிஞர் எலினார் ஆஸ்ட்ரம் 1990இல் வெளியிட்ட நூலில் அதை மறுத்து, யாரும் நுழையக்கூடிய கடலையும், ஓர் ஊரார் தமக்குள் விதி வகுத்துப் பேணும் கடலையும் வேறுபடுத்தினார். துருக்கியின் அலன்யாவில் மீனவர்கள் வலையிடும் இடங்களைப் பெயரிட்டுப் பட்டியலிட்டு, செப்டம்பரில் சீட்டுப் போட்டுப் பிரித்து, பின் நாள்தோறும் ஓரிடம் தள்ளி மாறிச் செல்வதால் நல்ல இடமும் தீய இடமும் எல்லாருக்கும் முறை வைத்து வருகின்றன. பழவேற்காடு ஏரியில் இறால் பிடிப்புக்கு நிலவும் பாடு முறையும் இவ்வகையைச் சேர்ந்ததே. ஆஸ்ட்ரம் தோல்வியுற்ற எடுத்துக்காட்டுகளையும் ஆராய்ந்தார். இலங்கையின் தென்கரையிலுள்ள மாவெல்லையில் கரைவலைக்கு முறை வைக்கும் விதி நன்றாகவே இருந்தும், வலைகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த முடியாததால் ஒவ்வொரு வலைக்கும் முறை வருவது அரிதாயிற்று. 2009ஆம் ஆண்டு பொருளியலுக்கான நோபல் பரிசு ஆஸ்ட்ரமுக்கு அளிக்கப்பட்டது.

பாக் நீரிணை

தமிழ்நாட்டுக் கடலின் மீன்வள ஆய்வுக்கு நீண்ட மரபு உண்டு. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947இல் தொடங்கப்பட்டு, மண்டபத்தில் இயங்கி, 1971இல் கொச்சிக்கு மாற்றப்பட்டது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு விதிக்கப்படும் தடை, இனப்பெருக்கக் காலத்தைக் காக்கும் உயிரியல் நடவடிக்கை. கார்டனின் தருக்கப்படி, படகின் எண்ணிக்கையும் எஞ்சின் திறனும் கட்டுப்படாதவரை, தடையால் பெருகிய மீன் அடுத்த சில வாரங்களில் கூடுதல் குதிரைத்திறனுக்கு இரையாகும்.

இரு நாடுகள் ஒரே மீன் கூட்டத்தைப் பகிரும்போது சிக்கல் மேலும் கூடுகிறது. தான் விட்டுவைப்பதை மற்றவர் பிடித்துவிடுவார் என்ற நிலையில் எவரும் விட்டுவைக்க மாட்டார் என்பதை, பொருளியலாளர் கோர்டன் மன்றோவின் 1979ஆம் ஆண்டுக் கட்டுரையைத் தொடர்ந்து வளர்ந்த ஆட்டக்கோட்பாட்டு ஆய்வுகள் விளக்குகின்றன. இந்தியாவும் இலங்கையும் பகிரும் பாக் நீரிணையில் இரு தரப்பும் சம வலிமை உடையனவும் அல்ல. தமிழ்நாட்டின் இழுவைப்படகுகள் பெருகிய காலத்தில், வட இலங்கைத் தமிழ் மீனவர் 2009 வரை உள்நாட்டுப் போராலும் கடல் தடைகளாலும் முடங்கியிருந்தனர். போருக்குப்பின் சிறுபடகுகளோடு அவர்கள் திரும்பியபோது இழுவைமடி அவர்களுடைய வலைகளை அறுத்தது. இலங்கை 2017இல் அடிக்கடல் இழுவைமடியைத் தடை செய்தது. அதே ஆண்டு, இழுவைப்படகுகளைக் கைவிட்டு ஆழ்கடல் சூரைப் பிடிப்புக்கு மாறுவோருக்கு மானியம் தரும் திட்டத்தை இந்தியா தொடங்கியது. மூன்று ஆண்டுகளில் 2,000 படகுகள் என்ற அதன் இலக்கு நிறைவேறவில்லை. ஓர் இரவில் சென்று திரும்பும் கடலை விட்டு, வாரக்கணக்கில் தங்க வேண்டிய கடலுக்குச் செல்ல, முதல், டீசல், பனிக்கட்டி, புதிய தொழில் பழக்கம் ஆகிய அனைத்தும் வேண்டும்; பழைய கடலில் செலவுக்கு மேல் ஏதேனும் எஞ்சும்வரை, மானியம் ஈடுசெய்ய வேண்டிய தொகை அந்த எச்சத்தையும் உள்ளடக்கியதாகவே இருக்கும்.