ஆமையும் அமீனாவும்

“ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படா” என்பது நம்மவர் வழக்கு. அமீனா என்பார் நீதிமன்றக் கட்டளையுடன் வந்து பொருளைக் கைப்பற்றும் ஊழியர். ஆமைக்கும் அவருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஒலி நயம் கருதியே பழமொழி இருவரையும் இணைத்தது போலும். ஆயினும் இந்நாளில் சிங்கப்பூரில் அத்தொடர்பு மெய்யாகிவிட்டது. காட்டாமை ஒன்றை இசைவின்றி வீட்டுக்குக் கொணர்ந்தால், அதனைத் தொடர்ந்து அதிகாரியும் வரக்கூடும். இந்நிலை எவ்வாறு தோன்றியது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

சிங்கப்பூரின் வடகிழக்குக் கரையில், உபின் தீவை நோக்கி அமைந்தது பாசிர் ரிஸ். பாசிர் என்னும் மலாய்ச் சொல்லுக்கு மணல் என்பது பொருள். அடுக்குமாடி வீடுகள் நிறைந்த இவ்வூரின் பூங்காவில் ஏறத்தாழ 6 ஹெக்டர் கண்டற்காடு இன்றும் காக்கப்படுகிறது. கடலும் சேறும் நன்னீரும் அண்மையில் அமைந்த இத்தகைய நாட்டில் ஆமைகள் பல வகையின. மலாய்மொழி கடலாமையைப் பென்யூ என்றும், ஓடு மெத்தென்ற ஆமையை லாபி-லாபி என்றும், ஏனைய பலவற்றைக் கூரா-கூரா என்றும் பிரித்து வழங்கும். நம் மீனவரும் பேராமை, பங்குனி ஆமை, அழுங்காமை எனக் கடலாமைகளைப் பிரித்தறிந்தனர்.

இவற்றுள் அழுங்காமையின் ஓடே பண்டைய வணிகப் பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கீழைத் தீவுகளிலிருந்து வந்த ஆமையோடு சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கைமாறியது. சீப்பாகவும் பேழையாகவும் உருப்பெற்றது. அக்காலத்தில் ஆமை ஒரு சரக்கு, அவ்வளவே.

காட்டு விலங்குகளையும் பறவைகளையும் காக்க 1904இல் ஆங்கிலேயர் ஆட்சியில் ஒரு சட்டம் பிறந்தது. 1965இல் வந்த சட்டம், உரிமமின்றிக் காட்டு விலங்கைக் கொல்வதையும் பிடிப்பதையும் வைத்திருப்பதையும் தடுத்தது. தண்டம் 1,000 வெள்ளி வரைதான். பிடிப்பவனையே இச்சட்டம் பெரிதும் நோக்கியது. ஆனால் அயல்நாட்டில் பிடிபட்டுக் கப்பலேறி வந்த ஆமைக்கு அது போதிய காவலாகவில்லை.

அக்குறையைத் தீர்க்க முற்பட்டது 1973இல் வாஷிங்டனில் கையெழுத்தான பன்னாட்டு உடன்படிக்கை. அருகிவரும் உயிர்களை நாடுவிட்டு நாடு கொண்டுசெல்ல அனுமதிச்சீட்டு வேண்டும் என்பதே அதன் உயிர்நாடி. சிங்கப்பூர் 1986இல் இதில் சேர்ந்தது. 2006ஆம் ஆண்டுச் சட்டம், கள்ளத்தனமாகக் கொணரப்படும் உயிர் ஒவ்வொன்றுக்கும் 50,000 வெள்ளி வரை, மொத்தம் 500,000 வெள்ளி வரை தண்டம் விதித்தது, சிறையும் உண்டு. 2022இல் தண்டனை மேலும் கடுமையாயிற்று.

இதற்கிடையே 1990களில் சீனச் சந்தைகளுக்காகத் தென்கிழக்காசிய ஆமைகள் பெருந்தொகையாகப் பிடிக்கப்பட்டன. மலாயாப் பெட்டி ஆமையும் அவற்றுள் ஒன்று. வயிற்றோட்டைக் கீல்போல் மடக்கித் தன்னை முழுதும் மூடிக்கொள்வதால் மலாய்க்காரர் இதனைக் கூரா-கூரா காத்துப் என்பர். பகைவிலங்கிடமிருந்து காத்த அவ்வோடு சாக்குப்பையிலிருந்து காக்கவில்லை. 2000இல் பெட்டி ஆமை இனம் முழுவதும் உடன்படிக்கைப் பட்டியலில் ஏறியது.

தமிழகத்துக்கும் இதில் பங்குண்டு. நம் வறண்ட புதர்க்காடுகளில் வாழும் நட்சத்திர ஆமை, அழகே பகையாகி, பெட்டிகளில் ஒளித்துக் கடத்தப்படுகிறது. சிங்கப்பூரில் மீட்கப்பட்ட 51 நட்சத்திர ஆமைகள் 2018 நவம்பரில் விமானமேறிப் பெங்களூர் திரும்பின. திரும்பியவுடன் அவற்றைக் காட்டில் விட இயலாது. நோயுண்டா என்று பார்த்தல் வேண்டும். எந்தக் காட்டுக்குரியவை என்பதையும் ஆராய்தல் வேண்டும். எடுப்பது ஒரு நொடி, மீளவைப்பது நெடும்பணி.

2020 ஜூன் 1இல் நடைமுறைக்கு வந்த வனவிலங்குச் சட்டம் இன்னும் ஒரு படி சென்றது. காக்கப்பட்ட உயிரைப் பிடித்தால் 50,000 வெள்ளி வரை தண்டமோ, ஈராண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிட்டும். அதுமட்டுமன்று, இசைவின்றி விலங்கை வெளியில் விடுவதும் குற்றம். விசாகத் திருநாளில் புண்ணியம் கருதி நீர்நிலைகளில் ஆமை விடும் வழக்கம் உண்டு. கடையில் வாங்கிய அமெரிக்கச் செங்காது ஆமை அங்கே நம் நாட்டு ஆமையின் உணவையும் இடத்தையும் பறிக்கும். பழக்கமில்லாத நீரில் தானும் மடியலாம். அருளும் அறிவோடு கூடினாலன்றி அறமாகாது.

ஓர் ஆமையை எடுத்தால் என்ன குறை என்று கேட்பாருண்டு. ஆமை முட்டையிடும் பருவம் அடையப் பல ஆண்டுகள் ஆகும். குஞ்சுகளிற் பெரும்பாலன இளமையிலேயே இரையாகும். ஆதலின் வளர்ந்த பெண்ணாமை ஒன்றை இழப்பது, அது இனி இடவிருக்கும் பல்லாண்டு முட்டைகளையும் இழப்பதாகும்.

தோட்டப் பள்ளியாயினும் பாசிர் ரிஸ் பள்ளியாயினும், வாய்க்காலில் கண்ட ஆமையைப் புத்தகப்பையில் இட்டு வரும் சிறுவன் ஒருவன் எவ்வகுப்பிலும் இருப்பான். அவனை அமீனாவைக் காட்டி அச்சுறுத்த வேண்டா. ஆமையின் வீடு அது வாழும் நீரே என்று ஆசிரியர் உணர்த்தினால் போதும். ஆமை புகுந்த வீடு கெடுமோ, நாமறியோம். வீட்டினின்று பெயர்த்த ஆமை கெடும் என்பது உறுதி.