படத்தைப் பாக்காத, மெஷினைப் பாரு

 

போன வாரம் ஒரு நண்பர் போன் பண்ணினார். ஊர்ல விழாவாம், டேட்டா ப்ரொஜெக்டர் வாடகைக்கு எடுத்திருக்காங்களாம். "ஒயரை எங்க சொருகணும்னு மட்டும் சொல்லிடு, ரெண்டு நிமிஷம் போதும்"னார். நான் நாப்பது நிமிஷம் பேசினேன். மனுஷன் இனிமே எனக்குப் போன் பண்ண மாட்டார்னு நினைக்கிறேன் :-) அவர்கிட்ட சொன்னதைத்தான் இங்கயும் எழுதுறேன். பாதி கொசுவத்தி, பாதி சரித்திரம். பொறுத்தருள்க.

எனக்கு சொந்த ஊர் பாம்பன். என் தாய்மாமா ஒரு காலத்துல டூரிங் கொட்டகை ஆபரேட்டர். ராமநாதபுரம் சுத்துவட்டாரத்துல கொட்டகை எங்க போகுதோ அங்க அவரும் போவார். 1988-ல ரோட்டுப்பாலம் வர்ற வரைக்கும் எங்க தீவுக்கு எது வரணும்னாலும் ஒண்ணு ரயில், இல்ல படகு. படப்பெட்டியும் அப்படித்தான் வரும். "ரயில் லேட்டுன்னா அன்னிக்கு ஹீரோவும் லேட்டுதான் மாப்ள"ம்பார்.

ரயிலுக்கும் தமிழ்நாட்டு சினிமாவுக்கும் பழைய சொந்தம் உண்டு. சாமிக்கண்ணு வின்சென்ட்டைப் பத்தி நம்ம பதிவர்கள்ல பலருக்குத் தெரிஞ்சிருக்கும். திருச்சியில ரயில்வே வேலை பார்த்தவர். 1905-ல திருச்சி வந்த துபோன் என்ற பிரெஞ்சுக்காரர்கிட்ட ப்ரொஜெக்டரையும் ஏசுநாதர் வாழ்க்கைப் படச்சுருளையும் வாங்கிக்கிட்டு, வேலையை விட்டுட்டு, ஊர் ஊரா கூடாரம் போட்டுப் படம் காட்டக் கிளம்பினார். வடக்கே பெஷாவர், கடல் தாண்டி பர்மா, மலேயான்னு போனவர், கடைசியில கோயமுத்தூர்ல நிலையா ஒரு தியேட்டர் கட்டினார். வெரைட்டி ஹால். வருஷம் 1914. எங்க பாம்பன் ரயில் பாலம் திறந்ததும் அதே 1914-லதான். (ஊர்ப் பெருமையை எங்கயாவது சொருகலைன்னா எனக்குத் தூக்கம் வராது.)

சரி, விஷயத்துக்கு வருவோம். வின்சென்ட் காலத்துல ப்ரொஜெக்டரை ஓட்டுறது நெருப்போட குடும்பம் நடத்துற மாதிரி. காரணம் ரெண்டு.

ஒண்ணு, விளக்கு. கரண்ட் இல்லாத ஊர்ல ஆக்ஸிஜனோட இன்னொரு வாயுவைக் கலந்து எரிச்சு, அந்தச் சுவாலையில சுண்ணாம்புக் கட்டியைப் பழுக்கவச்சு வெளிச்சம் எடுத்தாங்க. கரண்ட் இருந்தா ஆர்க் லைட். ரெண்டு கார்பன் குச்சி நுனிக்கு நடுவுல 3000 டிகிரிக்கு மேல கொதிக்கும்.

ரெண்டாவது, ஃபிலிம். அந்தக்கால ஃபிலிம் செல்லுலோஸ் நைட்ரேட்ல செஞ்சது. பத்திக்கிச்சுன்னா அணைக்கிறது குதிரைக்கொம்பு. எரியத் தேவையான ஆக்ஸிஜன் அதுக்குள்ளயே இருக்கறதால தண்ணிக்குள்ள போட்டாலும் எரியும். ஓடிக்கிட்டே இருக்கிற வரைக்கும் பிரச்சினை இல்லை. எங்கயாவது சிக்கி நின்னா, விளக்குக்கு முன்னால நிக்கிற அந்த ஒரு துண்டு உடனே பத்திக்கும். லூமியேர் சகோதரர்கள் இதை யோசிச்சு, விளக்குக்கும் ஃபிலிமுக்கும் நடுவுல தண்ணி நிரப்பின கண்ணாடிக் குடுவை வச்சாங்க. வெளிச்சத்தைக் குவிக்க லென்ஸும் அதுதான், சூட்டைக் குடிக்கிற ஆளும் அதுதான். குடுவை உடைஞ்சா வெளிச்சம் குவியாது, ஃபிலிம் தப்பிச்சிடும்.

இத்தனை ஜாக்கிரதைக்கும் அர்த்தம் 1897 மே 4 அன்னிக்கு பாரிஸ்ல தெரிஞ்சது. பெரிய இடத்துப் பெண்கள் சேர்ந்து நடத்தின ஒரு தர்மச் சந்தை. மரமும் துணியுமா ஜோடிச்ச கொட்டகை. ஒரு மூலையில சினிமா. ப்ரொஜெக்டருக்கு ஈத்தர் விளக்கு. நடுவுல விளக்குக்கு ஈத்தர் ஊத்த வேண்டி வந்தது. இருட்டுல தெரியலைன்னு தீக்குச்சியைக் கிழிச்சாங்க. அவ்வளவுதான். கொஞ்ச நேரத்துல 120-க்கும் மேல உயிர்கள் போச்சு. அதுல அலான்சோன் சீமாட்டியும் ஒருத்தர்.

சினிமாச் சட்டம்னாலே நமக்கு சென்சார்தான் ஞாபகம் வரும். ஆனா இங்கிலாந்தோட 1909 சினிமாச் சட்டம் முதல்ல வந்ததே தீ பயத்துலதான். இந்தியாவுல 1918-ல வந்த சட்டமும், பார்க்கிறவங்க பாதுகாப்புக்கு ஏற்பாடு இருந்தாத்தான் லைசென்ஸ்னு சொல்லுச்சு. அப்புறம் நம்ம மாகாணத்துக்குன்னே 1955-ல ஒரு சட்டம், 1957-ல விதிகள். ஆபரேட்டர் ஆகணும்னா பரிட்சை எழுதி லைசென்ஸ் வாங்கணும். எங்க மாமாவும் வாங்கினார். படிப்பு எட்டாங்கிளாஸ்தான், ஆனா ஆம்பியர், வோல்ட் எல்லாம் தலைகீழாச் சொல்வார்.

அவர் வேலைக்குச் சேர்ந்தப்போ நைட்ரேட் ஃபிலிம் போய் பாதுகாப்பான ஃபிலிம் வந்தாச்சு. இருந்தாலும் கார்பன் ஆர்க் இருந்துச்சு. குச்சி எரிஞ்சு குறையக் குறைய இடைவெளியைச் சரி பண்ணிக்கிட்டே இருக்கணும், அதையும் கறுப்புக் கண்ணாடி வழியாத்தான் பார்க்கணும். கொட்டகைக்கு ஒரே ஒரு மெஷின். 1000 அடி ரீல்னா 11 நிமிஷம். சுருள் மாத்தும்போதெல்லாம் ஒரு இடைவேளை, முறுக்கு வியாபாரிக்குக் கொண்டாட்டம். மக்கள் தரை டிக்கெட்ல மணலைக் குவிச்சு உட்கார்ந்து விசிலடிச்சுக்கிட்டிருப்பாங்க, இவர் திரையைத் திரும்பிக்கூட பார்க்க மாட்டார். அவருக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் முதல் நாளே சொன்னது இதுதானாம்: "படத்தைப் பாக்காத, மெஷினைப் பாரு."

1979-ல தூத்துக்குடி லூர்தம்மாள்புரத்துல டூரிங் கொட்டகை தீப்பிடிச்சு, பெண்களும் குழந்தைகளுமா எத்தனையோ பேர் கருகினாங்க. அதைப் பத்திக் கேட்டா மாமா பேச்சை மாத்திடுவார். ஒரே ஒரு தடவை மட்டும், "கீத்துக் கொட்டாய்ல வாசல் எங்க இருக்குன்னு தெரியாம நான் லைட்டு போட்டதே இல்ல மாப்ள"ன்னார்.

இப்ப என் கதை. பல வருஷத்துக்கு முன்னால ஒரு டிசம்பர் மாசம். 1964 புயல்ல தனுஷ்கோடி அழிஞ்சதை ஊர்ப் பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டலாம்னு பசங்க நாங்க முடிவு பண்ணினோம். ப்ரொஜெக்டர் வாடகைக்கு வந்தது, லேப்டாப் என்னுது. ஓலைப்பந்தல், பாய் விரிச்சு நூறு பேருக்கு மேல. வாடைக்காத்து. நான் அன்னிக்கு ஹீரோ கணக்கா மைக் பிடிச்சு விளக்கம் சொல்லிக்கிட்டு இருந்தேன். ப்ரொஜெக்டர் பக்கத்துல யாருமே இல்லை.

பின்வரிசையில உட்கார்ந்திருந்த மாமா திடீர்னு எழுந்து, பாய்ல இருந்த பிள்ளைகளைத் தாண்டி பந்தல் ஓரத்துக்குப் போனார். மெயின் சுவிட்சை அணைச்சார். ஒரே இருட்டு, சத்தம். டார்ச் அடிச்சுப் பார்த்தா, பாய்க்கு அடியில போன எக்ஸ்டென்ஷன் பெட்டியோட பிளாஸ்டிக் உருகி ஒழுகிக்கிட்டு இருக்கு. பாயில உள்ளங்கை அகலத்துக்குக் கருகல். அதுக்கு ஒரு முழம் தள்ளி ஓலைத் தட்டி.

கடல்காத்துல பிளக் பின்னு பச்சை பூத்துக் கிடந்திருக்கு. அதே பெட்டியில ப்ரொஜெக்டர், ஸ்பீக்கர், ரெண்டு ஃபேன், ஒரு ஃபோகஸ் லைட். சரியாத் தொடாத இடத்துல சூடு ஏறி உருகிடுச்சு. எங்க யாருக்கும் தெரியல. அவருக்கு மட்டும் நாத்தம் தெரிஞ்சது. திட்டுவார்னு நினைச்சேன், திட்டல. "இன்னிக்கு ஆபரேட்டர் யாரு மாப்ள?"ன்னு மட்டும் கேட்டார். எனக்குப் பதில் இல்லை.

அதுக்கப்புறம் நான் படிச்சதையும் அவர் சொன்னதையும் சேர்த்துக் கீழே குடுத்திருக்கேன்:

1. மேசை ஆடக்கூடாது. ஒயர் நடைபாதையிலயும் பாய்க்கு அடியிலயும் போகக்கூடாது, சுவரோரமாப் போகணும். எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சுருட்டிவச்சு ஓட்டக்கூடாது. கடலோரத்து ஆளுங்க பின்னைத் துடைச்சுட்டுச் சொருகுங்க. எர்த் இருக்கான்னு பாருங்க. ஜெனரேட்டர்னா முதல்ல வோல்டேஜ் பாருங்க. மூணு ஃபேஸ் லைன்ல நியூட்ரல் கழண்டா 230 இருக்க வேண்டிய இடத்துல 400 கிட்ட வந்து எல்லாத்தையும் சாம்பலாக்கிடும்.

2. தூரம். மெஷினோட தூர விகிதம் 1.5-ன்னா, 6 அடி அகலப் படத்துக்கு 9 அடி தள்ளி வைக்கணும். திரைக்கு நேரா வச்சுட்டா படம் கோணாது.

3. காத்துப்போற ஓட்டையை மூடாதீங்க. பாதரச விளக்கு வச்ச ப்ரொஜெக்டர்ல, விரல்நுனி அளவு குமிழுக்குள்ள காத்தழுத்தத்தைப் போல 200 மடங்கு அழுத்தம். கார் டயர்ல இருக்கிறது ரெண்டு சொச்சம்தான். குமிழோட சுவர் 1000 டிகிரி வரைக்கும் போகும். அதனாலதான் ஃபேன்.

4. முடிஞ்சதும் பிளக்கைப் பிடுங்காதீங்க. பட்டனை அமுக்கி, ஃபேன் தானா நிக்கிற வரைக்கும் உட்காருங்க. கரண்ட் போற ஊர்னா யூபிஎஸ் நல்லது. விளக்கு வெடிச்சா ஆட்களை வெளியேத்தி, ஜன்னலைத் திறந்துவிடுங்க. உள்ளே இருக்கிறது பாதரசம்.

5. லென்ஸை எட்டிப் பார்க்காதீங்க, குழந்தைகளையும் விடாதீங்க. இப்ப வர்ற லேசர் மெஷினுக்கு விளக்கு மாத்துற தொல்லை இல்லை, ஆனா கண்ணுக்கு இந்த விதி இன்னும் கண்டிப்பு.

6. பக்கத்துல ஒரு ஆள் கடைசி வரைக்கும் இருக்கணும். வாசல் எங்கன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கணும்.

இதுல ஆறாவதைத்தான் நாம விட்டுட்டோம். நெருப்பு பயத்துல சட்டம் போட்டு, பரிட்சை வச்சு, ஒரு ஆளை மெஷின் பக்கத்துல உட்கார வச்சாங்க. மெஷின் சின்னதாகி பைக்குள்ள வந்ததும் அந்த ஆளை வேண்டாம்னுட்டோம். சூடு போகல, கரண்ட் போகல, ஓலைப்பந்தலும் போகல.

மாமா இப்ப இல்லை. கொட்டகைகளும் இல்லை. அந்த 1914 பாலத்துலயும் ரயில் நின்னு, 2025-ல பக்கத்துலயே புதுப்பாலம் வந்தாச்சு. இன்னிக்கும் எந்த விழாவுல ப்ரொஜெக்டர் போட்டாலும் நான் மைக் பிடிக்கிறதில்லை. ஒரு ஸ்டூல் போட்டு, திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்துடுவேன்.

டிஸ்கி: அந்த உருகின எக்ஸ்டென்ஷன் பெட்டி இன்னும் எங்க வீட்டுப் பரண்ல இருக்கு. தூக்கிப் போடச் சொல்லி தங்கமணி மிரட்டல். நீங்களாவது எனக்காக ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க மக்களே :-)