விளம்பர நாட்காட்டி

விளம்பர நாட்காட்டி என்பது, ஒரு கடை அல்லது தொழில் நிறுவனம் தனது பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை அச்சிட்டுப் புத்தாண்டையொட்டி வாடிக்கையாளர்களுக்கு விலையின்றி வழங்கும் நாட்காட்டி ஆகும். நாளிதழிலோ தொலைக்காட்சியிலோ விளம்பரம் செய்யப் பொருள்வசதி இல்லாத மளிகைக் கடை, மருந்துக் கடை, பாத்திரக் கடை போன்ற சிறு வணிகங்கள் தம் பெயரை மக்கள் மனத்தில் நிலைநிறுத்தக் கையாளும் எளிய வழிகளுள் இதுவும் ஒன்றாகும். தமிழ்நாட்டில் இவை பெரும்பாலும் சிவகாசியில் அச்சிடப்படுகின்றன.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலுள்ள ரெட் ஓக் என்னும் சிற்றூரில், 1889 ஆம் ஆண்டு எட்மண்ட் ஆசுபோர்ன், தாமசு மர்பி ஆகிய இருவரும் உள்ளூர் நீதிமன்றக் கட்டடத்தின் படத்தைச் சுற்றி வணிகர்களின் விளம்பரங்களை அமைத்து ஒரு நாட்காட்டியை வெளியிட்டனர். படத்துடன் கூடிய விளம்பர நாட்காட்டித் தொழிலின் தொடக்கமாக இது கருதப்படுகின்றது.

சிவகாசியில் 1923 இல் பி. அய்ய நாடார், அ. சண்முக நாடார் ஆகியோர் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். தீப்பெட்டிக்கும் பின்னர் பட்டாசுக்கும் வண்ண ஒட்டுத்தாள்கள் தேவைப்பட்டதால் அங்கு அச்சுத் தொழில் வளர்ந்தது. நாட்காட்டி அச்சிடுதலும் அதனுடன் வளர்ந்தது. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் சி. கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய மாணவர்களும் வரைந்த தெய்வப் படங்கள் நாட்காட்டிகள் வழியே வீடுகள்தோறும் பரவின.

அமைப்பு

தினசரி நாட்காட்டியில் தடித்த அட்டையின் மேற்பகுதியில் படமும், அதன் கீழ் நாளுக்கு ஒன்றாகக் கிழிக்கும் 365 தாள்களும் (நெட்டாண்டில் 366) இருக்கும். ஒவ்வொரு தாளிலும் ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, திதி, நட்சத்திரம், நல்ல நேரம், இராகு காலம், எமகண்டம், பண்டிகைகள், அரசு விடுமுறைகள் முதலியன தரப்படுகின்றன. மாத நாட்காட்டியின் கட்டங்களில் பால் கணக்கு, எரிவாயு உருளை வந்த நாள் முதலியவற்றைக் குறித்துவைக்கும் வழக்கமும் உண்டு.

தயாரிப்பு

அடுத்த ஆண்டுக்கான மாதிரித் தொகுப்புகள் ஆடிப்பெருக்கையொட்டி வெளியிடப்படுகின்றன. முகவர்கள் அவற்றைக் கடைகளில் காட்டி ஆணைகளைப் பெறுவர். படங்கள் பெயருக்குரிய இடம் வெற்றாக விடப்பட்டுப் பெருமளவில் முன்னரே அச்சிடப்படும். கடையின் பெயர் பின்னர் தனியே சேர்க்கப்படும். இம்முறையினாலேயே சில நூறு படிகள் மட்டும் வாங்கும் சிறு வணிகருக்கும் பல வண்ண நாட்காட்டி கட்டுப்படியாகின்றது.

பயனும் வரம்புகளும்

பிற விளம்பரங்களைப் பார்ப்பவர் கடந்து சென்றுவிடுவார். நாட்காட்டியையோ தம் தேவைக்காக நாள்தோறும் பார்க்கின்றார். ஒருமுறை செய்த செலவில் கடையின் பெயர் ஓராண்டு முழுவதும் வீட்டினுள் இருக்கின்றது. தெய்வப் படமாயின், ஆண்டு முடிந்த பின்னரும் சிலர் அதனைச் சட்டமிட்டு வைத்துக்கொள்வர்.

எனினும் ஒரு வீட்டிற்குப் பல நாட்காட்டிகள் வரும்போது ஒன்றிரண்டு மட்டுமே சுவரில் இடம்பெறும். எனவே எண்களின் தெளிவு, படத்தின் அழகு, வழங்கும் காலம் ஆகியன முதன்மை பெறுகின்றன. சனவரி பிறந்து பல நாட்களான பின் கொடுக்கப்படுபவை பெரும்பாலும் பயன்படுவதில்லை. தொலைபேசி எண் தவறாக அச்சாகிவிட்டால் அப்பிழை ஆண்டு முழுவதும் நீடிக்கும். மேலும், இது பெரும்பாலும் கடைக்கு வருவோரிடமே கொடுக்கப்படுவதால், புதியவர்களை ஈர்ப்பதைவிடப் பழைய வாடிக்கையாளரைத் தக்கவைக்கவே மிகுதியும் உதவுகின்றது.

அண்மைக்கால மாற்றங்கள்

கைப்பேசியிலேயே நாள், நேரம் பார்க்கும் வழக்கம் பரவியுள்ளது. செப்டம்பர் 2020 இல் இந்திய நிதி அமைச்சகம், அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் வங்கிகளும் நாட்காட்டி, நாட்குறிப்பு ஆகியவற்றை அச்சிடுவதை நிறுத்துமாறு அறிவுறுத்தியது. இத்தகைய பேராணைகள் குறையும்போது, சிறு கடைகள் தரும் சிற்றாணைகளே அச்சகங்களுக்கும் அவற்றில் பணிபுரிவோருக்கும் இன்றியமையாதனவாகின்றன.