தேனிலவுக்கு ரோம், பக்கத்திலேயே கொடுமணல்

பனியன் ஏற்றுமதி செய்யும் ஊர் அல்லவா! திருப்பூரில் வசதியான புதுமண ஜோடிகள் சிலர் தேனிலவுக்கு ரோம், கிரேக்கத் தீவுகள் என்று கிளம்பி விடுகிறார்கள். இடிந்த தூண்கள் முன்னால் நின்று போட்டோ எடுக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அந்த ரோமுக்கு நம் பக்கத்துச் சரக்கு 2000 ஆண்டுகளுக்கு முன்பே போனது தெரியுமா?

சென்னிமலைக்கு மேற்கே, நம் நொய்யல் கரையில் இருக்கிறது கொடுமணல். பதிற்றுப்பத்து இதைக் கொடுமணம் என்கிறது. 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் கல்மணி செய்த பட்டறைகளும், தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகளும் கிடைத்தன. காங்கேயம் அருகே படியூரில் பெரில் என்ற நீலப்பச்சைக் கல் கிடைத்தது. அந்தக் கல் இந்தியாவுக்கு வெளியே அரிது என்று கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியர் பிளினி எழுதினார். சரக்கு பாலக்காட்டுக் கணவாய் வழியாக முசிறிக்குப் போய்க் கப்பலேறியது என்பது ஆய்வாளர் கருத்து. பதிலுக்கு வந்த ரோமானியக் காசுகள் கொங்கு மண்ணில் புதையல் புதையலாகக் கிடைத்துள்ளன.

கொடுமணலில் உயர்ந்த தூண்கள் இல்லை. வயல்களும், ஈமக்காட்டுக் கல்வட்டங்களும்தான். நாம் மதிக்காவிட்டால் அந்தக் கற்களும் ஒருநாள் காணாமல் போகும். ஊர் திரும்பியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜோடியாகப் போய்ப் பாருங்கள். ரோமில் பார்த்த கதையின் மறுமுனை அங்கேதான் இருக்கிறது!