கொலராடோ சுரங்க மலைகளில் கோடைச் சுற்றுலா: போகுமுன் தெரிந்துகொள்ளுங்கள்

விடுமுறைக்கு அமெரிக்கா போகும் எண்ணமா? மலை நடை, நீராவி ரயில், ஜீப் பயணம் எல்லாம் ஒரே வட்டாரத்தில் வேண்டும் என்றால், கொலராடோ மாநிலத்தின் சான் ஹுவான் மலைத்தொடர் நல்ல தெரிவு.

ஆனால் இது வெறும் மலைப்பகுதி இல்லை. 19ஆம் நூற்றாண்டில் வெள்ளியும் தங்கமும் தோண்டிய இடம். நீங்கள் ரசிக்கப்போகும் பாதைகள் பலவும் சுரங்கத் தொழில் விட்டுச்சென்றவை. கவனமாக இருக்கவேண்டிய ஆபத்துகள் சிலவும் அப்படித்தான்.

ரயிலும் சாலையும் யாருக்காகப் போட்டார்கள்?

டுராங்கோவிலிருந்து சில்வர்ட்டனுக்குச் செல்லும் ரயில்பாதையின் நீளம் சுமார் 72 கிலோமீட்டர். 1882இல் சில்வர்ட்டனை எட்டிய அந்தப் பாதை, தாதுவை மலையிலிருந்து இறக்கப் போடப்பட்டது. தண்டவாளங்களின் இடைவெளி 91 சென்டிமீட்டர்தான். பாதை குறுகலாக இருந்தால் மலை வளைவுகளில் அமைப்பது சுலபம், செலவும் குறைவு.

லேக் சிட்டி, சில்வர்ட்டன், யூரே ஆகிய ஊர்களை இணைக்கும் 'அல்பைன் லூப்' சுமார் 105 கிலோமீட்டர். தாது வண்டிகள் போன தடங்களில் இன்று ஜீப்புகள் போகின்றன. வழியில் சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் அனிமாஸ் ஃபோர்க்ஸ் இருக்கிறது. ஆட்கள் கைவிட்டுப்போன ஊர் அது. மர வீடுகள் இன்னும் நிற்கின்றன.

1893இல் வெள்ளி விலை சரிந்தது. ஆனாலும் தொழில் உடனே நிற்கவில்லை. சில்வர்ட்டன் பக்கம் கடைசிப் பெரிய சுரங்கம் 1991இல்தான் மூடப்பட்டது.

ஆறு ஏன் மஞ்சளானது?

2015 ஆகஸ்ட் 5ஆம் தேதி, 'கோல்ட் கிங்' சுரங்கத்திலிருந்து சுமார் 11 மில்லியன் லிட்டர் கழிவுநீர் வெளியேறியது. அமெரிக்கச் சுற்றுப்புறப் பாதுகாப்பு அமைப்பின் பணிக்குழு அங்கு வேலை செய்துகொண்டிருந்தபோது அது நடந்தது. அனிமாஸ் ஆறு மஞ்சளாக மாறியது. ஆற்றில் படகு விடவும் குளிக்கவும் சில நாள் தடை. மறு ஆண்டே அந்த வட்டாரம் மத்திய அரசின் துப்புரவுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது.

காரணம் இதுதான்: பாறையில் உள்ள இரும்பு சல்ஃபைடு, காற்றும் நீரும் பட்டால் அமிலத்தை உண்டாக்கும். அமிலம் பாறையிலுள்ள உலோகங்களைக் கரைக்கும். சுரங்கம் மூடினாலும் இது நிற்காது.

பழைய சுரங்கத்துக்குள் எட்டிப் பார்க்கலாமா?

வேண்டவே வேண்டாம். கொலராடோவில் கைவிடப்பட்ட சுரங்கங்கள் சுமார் 23,000 இருப்பதாக மதிப்பீடு. உள்ளே பிராணவாயு குறைவாக இருக்கலாம். தரை போலத் தெரிவது, ஆழமான குழியை மூடிய உளுத்த பலகையாக இருக்கலாம். வெடிக்காத டைனமைட்டும் கிடக்கலாம்.

உள்ளே பார்க்கத்தான் வேண்டுமா? சில்வர்ட்டன் அருகே 'ஓல்டு ஹண்ட்ரட்' சுரங்கத்தில் வழிகாட்டியுடன் போகலாம். கோடையிலும் உள்ளே குளிரும். ஜாக்கெட் எடுத்துச் செல்லுங்கள்.

கிளம்புமுன் கவனிக்க:

- உயரம்: சில்வர்ட்டன் நகரமே சுமார் 2,840 மீட்டரில் இருக்கிறது. நம்ம புக்கிட் தீமா குன்றைப்போல் 17 மடங்கு. முதல் இரண்டு நாள் மெதுவாக நடங்கள். தலைவலி, குமட்டல் அதிகமானால் கீழே இறங்குங்கள்.
- இடி மின்னல்: ஜூலை, ஆகஸ்ட்டில் பிற்பகல் மழை சகஜம். அதிகாலையில் கிளம்பி, நண்பகலுக்குள் மரங்கள் உள்ள உயரத்துக்குத் திரும்பிவிடுங்கள்.
- தண்ணீர்: ஓடை நீர் தெளிவாகத் தெரிந்தாலும் குடிக்காதீர்கள். சாதாரண வடிகட்டி கிருமியைத் தடுக்கும், கரைந்த உலோகத்தைத் தடுக்காது.
- பனி: உயரமான கணவாய்களில் ஜூனிலும் பனி கிடக்கலாம். பாதை திறந்திருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.
- நினைவுப்பொருள்: பழைய ஆணியோ தகரமோ கிடந்தாலும் எடுக்காதீர்கள். பொது நிலத்தில் உள்ள வரலாற்றுப் பொருள்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. படம் எடுத்துக்கொண்டால் போதும்.